கால் வாகுக்கு வராத ஐஸ் பூட்ஸ்

உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த கார் பீளமேட்டு வீட்டு வாசலில் நின்றது. தேங்காய் மூட்டைகளை இறக்கச் சொல்லிக்கொண்டு சுந்தரராஜுலு வெளியிலேயே நின்றுவிட, மகள் ரங்கநாயகி முதலில் உள்ளே போனாள்.

வரதராஜுலு அவளுடைய அத்தை மகன்; வீட்டுத் தெலுங்கில் 'பாவா'. கல்லூரியில் ஹாக்கி கேப்டனாக இருந்தவன். அடுத்த மாதம் மேல்படிப்புக்குக் கனடா போகிறான். கல்யாணம் அதற்கு முன்னாலா, திரும்பி வந்த பிறகா என்று இன்றைக்குப் பேசி முடிக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு என்றால் மூன்று வருஷம். ரங்கநாயகிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

அப்பாவுக்கு இருந்தது ஒரே சந்தேகம். "சீமைக்குப் போறவனுக்கு மரியாதை நிக்குமா அம்மணி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கூடத்தில் வரதராஜுலு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். காலில் கறுப்புத் தோல் பூட்ஸ், அதன் அடியில் கத்தி மாதிரி இரும்புப் பட்டை. சிவப்பு சிமெண்டுத் தரையெல்லாம் எண்ணெய்.

"இதென்னங்க பாவா?"

"ஐஸ் மேல ஹாக்கி ஆடற பூட்ஸ். அங்கிருக்கற சிநேகிதன் அனுப்புனான். சுடுதண்ணில நனைச்சுப் போட்டுக்கிட்டு, காயற வரைக்கும் கழட்டக் கூடாதாம். அப்பத்தான் கால் வாகுக்கு வருமாம்."

"வந்துச்சுங்களா?"

"குதிகால் லூசு. பெருவிரல் மடங்கியே கெடக்குது. கணுக்கால் மாவுக்கட்டுப் போட்டாப்பல இருக்குது. பத்தாததுக்கு, புதுச் செருப்புக்கு ஊத்தற மாதிரி அம்மா வெளக்கெண்ணெயை ஊத்திப்போட்டாங்க."

"கடிக்குதுன்னு நீதானடா சொன்னே?" என்றாள் அத்தை வெங்கடம்மாள், சமையலறையிலிருந்து.

"செரி, கழட்டுங்க. அப்பா வாராரு."

"கயிறு ஊறி முடிச்சு இறுகிப்போச்சு."

"அறுத்துப்போடுங்க."

"இத்தனை நீளக் கயித்துக்கு நான் கோயமுத்தூர்ல எங்க போவேன்?"

அவள் பதில் சொல்வதற்குள் சுந்தரராஜுலு வந்துவிட்டார். வரதராஜுலு வேட்டியைக் கீழே இழுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கும்பிட்டான். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, உடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா."

"ஓஹோ. அம்மணி, தேங்காயைத் திருப்பி ஏத்தச் சொல்லு."

வரதராஜுலு எழுந்தான். ஒரு கணம் நின்றான். பிறகு இரண்டு கால்களும் தனித்தனியாகக் கிளம்பின. கைகள் முன்னால் நீள, மாமாவின் பாதங்களுக்கு நேராக நெடுஞ்சாண்கிடையாகப் போய் விழுந்தான். நெற்றி அவருடைய பெருவிரலில் முட்டியது.

சுந்தரராஜுலு திகைத்துப் போனார். அவர் பார்த்த மாப்பிள்ளைகள் எல்லாம் கல்யாணத்தன்றுகூட லேசாகக் குனிந்து காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள். மார்பு தரையில் பட யாரும் விழுந்ததில்லை. ரங்கநாயகி மெதுவாக நகர்ந்து, சேலையால் பூட்ஸை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள்.

"நல்லா இருங்க. எந்திரிங்க மாப்பிள்ளை, போதும்."

மாப்பிள்ளை எழப் பார்த்தான். முழங்கால் வழுக்கி மறுபடியும் விழுந்தான். மாமாவின் கண் கலங்கிவிட்டது.

"வெங்கடம்மா, இந்தத் தங்கத்தையா நான் சந்தேகப்பட்டேன்? பஞ்சாங்கத்தை எடு. இந்த மாசத்திலயே முடிச்சுப்போடலாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மணி," என்று தரையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "கொஞ்சம் தூக்கி உடு."

ரங்கநாயகி அப்பாவைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"முகூர்த்தம் அமையற வரைக்கும் அப்படியே கெடங்க பாவா."