கவர்னர் பெல்னாப்பின் வலது கை

கவர்னர் லூஷியஸ் பெல்னாப்பின் கையுறையில் அவர் மனைவி டிர்சா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நீலச் சீருடையில் இருந்த மகன் எனோஸ் கடைசி ரொட்டியை மேப்பிள் பாகில் தோய்த்துத் தின்றான். "அப்பாவோட கை இன்னிக்கு ஊருக்குத்தாம்மா. எனக்கு மிஞ்சாது" என்று சிரித்தான். "வாயாடி, சட்டையில பாகைக் கொட்டிக்காதே" என்றாள்.

அது 1862 ஜூன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். தெற்கே போருக்குப் புறப்பட்ட எண்ணூற்றுப் பதினாறு வெர்மாண்ட்காரர்களில் எண்ணூற்றுப் பதினைந்து பேருக்கு, ரயிலடியில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கவர்னர் கை கொடுத்தார். மகன் முறை வந்ததும் அவனைத் தாண்டி அடுத்தவனிடம் போனார். பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை அந்த வாரம்தான் எழுதியிருந்தது, செப்டம்பரில் தேர்தல். "பார்றா, சொந்தப் பிள்ளைன்னுகூடப் பார்க்கல!" என்று கூட்டம் தொப்பிகளை வீசியது. நீட்டிய கையால் எனோஸ் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

ஜூலையிலிருந்து, கை கொடுத்தவர்களில் ஒருவன் சாகும்போதெல்லாம் கவர்னரின் வலது கை தானாக எழுந்து ஒருமுறை குலுங்கியது. யாருடைய பிடி என்று அவருக்குத் தெரிந்தது. தந்தி பிறகுதான் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அந்தப் பெயர்களைக் கம்பளி விலைக்குக் கீழே போட்டது. தாய்மார்கள் அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"என் ஜோயல் எப்படி இருக்கான், ஐயா?"

"கை சும்மாத்தான் இருக்கும்மா. போய்ட்டு வா."

அங்கே வருடா வருடம் தேர்தல். அந்தக் கையை நம்பி மூன்று தேர்தல்களில் அவரையே ஜெயிக்கவைத்தார்கள். நான்காவதில் தோற்கடித்தார்கள்; அதற்குள் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அது கெட்ட செய்தி சொல்லியிருந்தது.

"நம்ம புள்ள?" என்று டிர்சா ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.

"அவனைத்தான் நான் தொடவே இல்லையே."

போர் முடிந்து முந்நூற்றுச் சொச்சம் பேர் திரும்பினார்கள். எனோஸைக் கடைசியாகச் சோளக்காட்டில் பார்த்ததாக ஒருவன் சொன்னான், ஆற்றங்கரையில் என்றான் இன்னொருவன். பெல்னாப் பதவியில்லாமல் பதினான்கு வருடம் இருந்தார். ரயில் வரும் நேரமெல்லாம், பனியிலும், வெறுங்கையோடு ரயிலடியில் நின்றார்.

இறந்தபோது அந்தக் கை நீண்டபடி நின்றுவிட்டது. தச்சன் பெட்டி மூடியில் துளை போட்டான். குழியை எவ்வளவு ஆழமாகத் தோண்டியும் கை மண்ணுக்கு மேலே வந்தது. இன்றும் அது சூடாகத்தான் இருக்கிறது. புல் வெட்டுபவர் அதைச் சுற்றி வெட்டுகிறார். பழைய சிப்பாய்கள் வந்து குலுக்குகிறார்கள். விரல்கள் அவர்களைப் பிடிப்பதில்லை. பனி தொடங்கியதும் டிர்சா போய்க் கையுறையை மாட்டிவிடுகிறாள். அன்று தைத்த பொத்தான் இன்னும் விழவில்லை.