குருவியின் கண்

ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அதன் ஓரத்தில் நீல விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ சுற்றப் பார்த்து, முடியாமல், நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல டிக் டிக்கென்று சத்தம் வந்தது. பிறகு விளக்கு அணைந்தது. கொழுந்தன் வயரைப் பிடுங்கி, முனையைச் சட்டையில் துடைத்து, மறுபடி செருகினான். மறுபடியும் டிக் டிக். மறுபடியும் இருட்டு.

"மாமியாருக்குப் புதுசா வந்தவங்களப் பிடிக்கல அண்ணி" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு மாமியார் என்று பெயர் வைத்தவனே அவன்தான். காலையில் எழுப்பினால் முனகும், எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்லும், வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் மூஞ்சியைத் தூக்கும். ஆனாலும் அதைத் தூக்கிப் போட முடியாது. எம்பிராய்டரி மெஷின் அது ஒன்றின் பேச்சைத்தான் கேட்கும். விரல் தடிமனில் ஒரு கேபிள் அதன் முதுகிலிருந்து கிளம்பிச் சுவரோரமாகப் போய் மெஷினில் முடிகிறது. பள்ளிக்கூடச் சின்னம், ஆஸ்பத்திரிச் சீருடைப் பெயர், ஓட்டல்காரர்களின் தொப்பி என்று இந்தப் பட்டறை இதுவரை தைத்த எல்லா டிசைனும் அதன் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன.

டிசைன் போடுவது கொழுந்தன். எந்தத் தையல் எங்கே விழ வேண்டும், எது முதலில், எது பிறகு என்று திரையில் ஒவ்வொன்றாக வரைந்து வைப்பான். மெஷினை ஓட்டுவது அவள். ஆர்டர் பிடிப்பதும், கொண்டு போய்க் கொடுப்பதும், கோபப்படுவதும் அவள் கணவர். இவ்வளவு காலம் அப்படித்தான் ஓடியது. அடுத்த வாரத்திலிருந்து கொழுந்தன் இரண்டு தெரு தள்ளித் தனியாகக் கடை போடுகிறான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. கணவரும் கேட்கவில்லை. இருவரும் வாயைத் திறக்காமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: அவன் பழக்கத்தில் தேடிவந்த சில வாடிக்கையாளர்களின் டிசைன்கள் அவனுக்கு, மற்றதெல்லாம் இங்கேயே இருக்கும். இன்று அவன் தன் பங்கை எடுத்துப்போக வந்திருக்கிறான்.

காலையில் டெலிவரிக்குக் கிளம்பும்போது கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தார். "பக்கத்துலயே உக்காரு. காப்பி பண்றானா, கட் பண்றானான்னு பாரு. காப்பி பண்ணா நம்மகிட்டயும் இருக்கும். கட் பண்ணா துடைச்சிட்டுப் போயிடுவான்."

"உங்க தம்பிதான?"

"அதனாலதான் சொல்றேன்."

ஆகவே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் நூல்கண்டுக் கூடையை வைத்துக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவன் செய்த எதுவுமே அவளுக்குச் சரியாகப் படவில்லை. பையை மேசைமேல் வைக்காமல் காலடியில் வைத்தான். டீயை ஆறவிட்டான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். எழுந்து போகவைக்கத்தான் கேட்கிறானோ என்று நினைத்து, தன் பாட்டிலையே எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கி, அவளை ஒரு முறை பார்த்துவிட்டுக் குடித்தான்.

"கரண்ட் பத்தல" என்றான், மேசைக்கடியில் குனிந்தபடி. "பழைய கம்ப்யூட்டர்ல ஒரு துளையில வர்ற கரண்ட்ட வச்சு இது சுத்தாது. தெரிஞ்சுதான் இதக் கொண்டாந்தேன்." பையிலிருந்து ஒரு வயரை எடுத்தான். ஒரு பக்கம் ஒரு முனை. மறுபக்கம் பாம்பின் நாக்குபோல இரண்டாகப் பிரிந்திருந்தது. "ரெண்டு துளையிலயும் மாட்டணும். ரெண்டும் சேந்து குடுத்தா எந்திரிக்கும்."

"மாட்டு."

"இன்னொரு துளையில சாவி இருக்கே."

அதற்காகத்தான் காத்திருந்ததுபோல அவள் நிமிர்ந்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு, தலையில் பச்சை விளக்கோடு கம்ப்யூட்டரின் முதுகில் சொருகியிருக்கும் அந்தத் துண்டைத்தான் சாவி என்பார்கள். டிசைன் மென்பொருளோடு வந்தது. அது இருந்தால்தான் இந்தக் கம்ப்யூட்டரில் டிசைன்கள் திறக்கும். இல்லையென்றால் வெறும் பெயர்கள்தான் தெரியும். தொலைந்தால் இன்னொன்று கிடைக்காது. விற்ற கம்பெனியே இப்போது இல்லை.

"சாவியக் கழட்டாம முடியாதா?"

"மொத்தமே ரெண்டு துளைதான் அண்ணி. மூணாவதுக்கு நான் எங்க போவேன்?"

சாவி இங்கே, டிசைன் அங்கே. அல்லது டிசைனும் சாவியும் அங்கே. அவள் மனம் எல்லா வழிகளிலும் ஓடிப் பார்த்தது. பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தள்ளு, நானே கழட்டறேன்" என்று மண்டியிட்டாள். தூசிக்குள் கையை விட்டுத் தடவிச் சாவியை உருவினாள். பச்சை விளக்கு அணைந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

கொழுந்தன் அந்த மூடிய கையைப் பார்த்தான். "நான் வேணா கையத் தூக்கிட்டு உக்காரட்டுமா அண்ணி? மூக்கால கிளிக் பண்றேன்."

"வேலையப் பாரு தம்பி."

இரண்டு முனைகளையும் மாட்டியதும் நீல விளக்கு எரிந்தது, இம்முறை அணையவில்லை. உள்ளே மெல்லிய ரீங்காரம் எழுந்து நிலைத்தது. மாமியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பெட்டியைக் காட்டியது. இதைவிட வேகமான துளையில் செருகினால் இந்தக் கருவி வேகமாக ஓடும் என்று எழுதியிருந்தது. அந்தத் துளைதான் அதனிடம் இல்லையே. "தன்கிட்ட இல்லாததுக்கு நம்மளக் குத்திக்காட்டுது பாருங்க" என்றான் கொழுந்தன்.

அவனுக்கென்று ஒரு தனி ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தது. அவன் பெயரிலேயே கணவர் போட்டு வைத்திருந்தார். கொழுந்தன் அதன்மேல் அழுத்தியபோது அவள் முன்னால் சாய்ந்தாள். "காப்பி" என்று சத்தமாக வாசித்துக் காட்டினான். பிறகு திரையில் இரண்டு ஃபோல்டர் படங்கள் தோன்றின. இடப்பக்கத்திலிருந்து ஒரு சின்னக் காகிதம் கிளம்பி, காற்றில் மிதந்து, வலப்பக்கத்தில் போய் விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. காப்பி என்கிறான், ஆனால் காகிதம் இங்கிருந்து அங்கே போகிறது. போனது திரும்பி வரவில்லை. "இந்தப் பக்கம் குறையுதா?" என்றாள்.

"குறையாது."

"காட்டு."

அவன் காட்டினான். எல்லாம் அப்படியே இருந்தன. சற்று நேரம் கழித்து மறுபடி காட்டச் சொன்னாள். அதற்குப் பின் அவள் கேட்காமலே அவனாகவே காட்டினான். ஒவ்வொரு டிசைனோடும் ஸ்கேன் செய்த படங்களும், தைத்த துணியின் போட்டோக்களும் இருந்ததால் அது முடிகிற வழியாக இல்லை. வெளியே இரும்புக் கடையில் எதையோ இறக்கினார்கள். இருவரும் பறக்கும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, சண்டை போட்ட குழந்தைகளை ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல் ஆர்டர் என்னது?" என்று கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துக் குருவிதான். புது வருஷத்துக்கு எல்லாப் பிள்ளைக்கும் வேணுமாம். திங்கக்கிழமை முதல் கட்டு குடுக்கறேன்னு சொல்லிட்டேன். அது மட்டும் சரியா விழுந்துட்டா கடை ஊன்றி நின்னுரும். தப்பாப் போச்சுன்னா..." அவன் தோளைக் குலுக்கினான். "அந்த ஹெட்மிஸ்ட்ரஸ உங்களுக்குத் தெரியுமே. ஊசி போற வழியிலதான் நூல் போகும். அவங்க போனா மத்த பள்ளிக்கூடமும் போயிடும்."

விரித்த புத்தகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குருவியை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை சட்டைப்பைகளில் தைத்திருப்பாள். கடைசியாக விழுவது அதன் கண். மிளகளவு இடத்தில் ஊசி சுற்றிச் சுற்றி இறங்கும்போது மெஷினின் சத்தமே மாறும். அடுப்படியில் இருந்தாலும் அந்தச் சத்தம் நின்றதும் நூலை வெட்ட ஓடிவருவாள்.

போன் அடித்தது. கணவர்.

"முடிஞ்சுதா?"

"ஓடிட்டிருக்கு."

"சாவி?"

"என் கையிலதான்."

"அவன்கிட்டக் குடுக்காத. தொறந்தெல்லாம் பாக்க வேணாம். காப்பி ஆனதும் அனுப்பிடு. நான் வந்துட்டே இருக்கேன்."

அவள் சரி என்று வைத்தாள். கவனமான மனிதர் என்றுதான் அப்போது நினைத்தாள்.

காகிதம் பறப்பது நின்றது. கொழுந்தன் வந்து சேர்ந்தவற்றைச் சரிபார்க்க ஆரம்பித்தான். மேலிருந்து கீழாக நகர்ந்த விரல் ஒரு இடத்தில் நின்றது. மேலே போனான். கீழே வந்தான். அந்த ஃபோல்டரை மூடிவிட்டுப் பட்டறையின் மற்ற டிசைன்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். மறுபடி தன்னுடையதைத் திறந்தான்.

"அண்ணி, நேத்து இதுல யார் உக்காந்தது?"

"ஏன்?"

"என்னோடது எல்லாத்துலயும் நேத்து சாயங்காலத் தேதி போட்டிருக்கு. யாரோ தொறந்து, திருப்பி சேவ் பண்ணியிருக்காங்க. மத்ததப் பாருங்க, எல்லாம் பழைய தேதி. நான் கொண்டு போறது மட்டும்தான் மாறியிருக்கு."

"மாறியிருக்குன்னா?"

"ஒண்ணும் மாறாமலும் இருக்கலாம். சும்மா தொறந்து சேவ் பண்ணாலும் தேதி மாறும். இல்ல, நாலு தையல ஒரே எடத்துல நகத்தி வச்சாலும் மாறும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்." அவன் குரலில் கேலி இல்லை. "ஒரே எடத்துல குத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். ஊசி முறியும். துணி ஓட்டையாகும். ஒரு சட்டையில் ஆனால் துணியைத் திட்டலாம். கட்டுக் கட்டாக ஆனால் தைத்தவனைத்தான் திட்டுவார்கள்.

நேற்று சாயங்காலம் உட்கார்ந்தது கணவர். அவள் டீயோடு வந்தபோது திரையில் இருந்ததைச் சட்டென்று கீழே இறக்கினார். "என்ன பண்றீங்க?" என்றதற்கு, "அவனோடதப் பிரிச்சு வைக்கிறேன்" என்றார். அதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் டம்ளரை வாங்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அந்த டம்ளர் நினைவுக்கு வந்தது. அதோடு போனில் சொன்ன வார்த்தையும் வந்தது. தொறந்தெல்லாம் பாக்க வேணாம். பகல் முழுக்க ஒருத்தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, பார்க்க வேண்டிய திசை வேறோ என்று முதல் முறையாகத் தோன்றியது. தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இதே மனிதர்தான் தம்பி முதல் டிசைனைக் கெடுத்தபோது, தன் கைப்பிசகு என்று வாடிக்கையாளரிடம் சொல்லித் திட்டு வாங்கியவர்.

கொழுந்தன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தான். இரண்டு துளைகளும் காலியாக இருந்தன. அவன் சாவியைக் கேட்கவில்லை. "நான் வர்றேன் அண்ணி" என்று எழுந்தான். "கடையில இருக்கற புது மெஷின் சாவி இல்லாமலே தைக்கும், ஆனா தைச்சுப் பாத்தாத்தான் தெரியும். துணியில பாத்துக்கறேன்."

"உக்காரு" என்றாள்.

அவள் மறுபடி மண்டியிட்டுச் சாவியைச் சொருகினாள். அவ்வளவு நேரம் கைக்குள் இருந்ததில் அது வியர்த்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. "குருவியத் தொற."

தைப்பதற்கு முன் ஒவ்வொரு தையலாகத் திரையில் ஓட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. கொழுந்தன் அதை அழுத்தினான். வெள்ளைத் திரையில் ஊசிக்குப் பதிலாக ஒரு சின்னக் கூட்டல் குறி தோன்றி, தைத்துக்கொண்டே போனது. புத்தகத்தின் கீழ்விளிம்பு. பக்கங்கள். கால்கள். வால். மாமியாரின் வேகம் அவ்வளவுதான், அவசரப்படுத்த முடியாது. இறக்கை பாதியில் இருந்தபோது வாசலில் பைக் நின்றது.

கணவர் உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையைப் பார்த்தார். "சாவிய யார் மாட்டுனது?"

"நாந்தான்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "சாப்ட்டியாடா?" என்றார் தம்பியிடம்.

"தேதியெல்லாம் மாறியிருக்குண்ணே."

"மாறாம? ஒவ்வொண்ணாத் தொறந்து, உன் பேர்ல சேவ் பண்ணி வச்சேன். எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான். நீ சொல்லிக் குடுத்த வழிதான்."

"சரிண்ணே" என்றான் கொழுந்தன். ஆனால் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது கனத்த கண்ணாடி வைத்த பழைய திரை. வாசல் வெளிச்சத்தில் அதில் மூன்று பேரும் தெரிந்தார்கள்: முன்னால் கொழுந்தனின் தலை, பக்கத்தில் அவள், பின்னால் நின்ற கணவர். கூட்டல் குறி அவருடைய சட்டையின் மேலேறி, கழுத்தைக் கடந்து, கன்னத்தில் குருவியின் மார்பைத் தைத்தது. அவள் குருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தையலுக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். பயமா, வெறும் களைப்பா என்று தெரியவில்லை. கண்ணாடியில் எல்லா முகமும் சாம்பல் நிறம்தான்.

அலகு முடிந்தது. குறி தாவிப்போய்க் கண்ணில் இறங்கியது. சுற்ற ஆரம்பித்தது.

"நேரமாகுதே. ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் பண்ண வேணாமாடா?" என்றார் கணவர். ஒரு அடி முன்னால் வந்தார். "வயர் ஏதோ லூசா இருக்கு பாரு" என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை நீட்டினார்.

அவள் கை முன்னதாகவே அங்கே போயிருந்தது. காற்றில் அகலைப் பொத்துவதுபோலச் சாவியைச் சுற்றி விரல்களைக் குவித்துக்கொண்டாள். அவர் கை மேசை விளிம்பில் நின்றது. அவள் விரலிடுக்குகளில் பச்சை வெளிச்சம் கசிந்தது. மெஷின் ஓடாத அந்த அறையில், கண் தைக்கும் சத்தத்தை அவள் காதுக்குள் ஓடவிட்டு, அது நிற்க வேண்டிய இடத்துக்காகக் காத்திருந்தாள். திரையில் குறி மிளகளவு கறுப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.