காரியதரிசியின் வீட்டில் கூட்டம்

1

இந்தக் கதை கற்பனையில் வந்ததல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1936-இல், அம்பத்தூரில் ஒரு தர்ம சங்கத்துக்குப் புதிய காரியதரிசி தேட வேண்டியிருந்தது. தேடினோம், ஆள் கிடைத்தான், அதற்குப் பிறகுதான் தொல்லை. நிர்வாக சபையில் நானும் இருந்தேன். பிழைப்புக்கு அச்சாபீசில் புரூப் திருத்துகிறேன். அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்தே பழகிவிட்டதால், சொந்தமாக எழுத உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அம்பத்தூர் ஏரி அந்த வருஷம் நிரம்பித் தளும்பி"

[நிறுத்திவிட்டேன். அந்த வருஷம் ஏரியில் பாதிகூடத் தண்ணீர் இல்லை.]

பிறகு:

"தியாகமே உருவான மணவாளன் அவர்கள்"

[இதுவும் பொய். சங்கத்தைத் தொடங்கிய மணவாளனிடம் ஒரு கூண்டு வண்டியும் ஒரு ஜோடி மாடும் சும்மா கிடந்தன. நல்ல மனுஷர். ஆனால் முதலில் இருந்தது வண்டி, தர்மம் அதற்குப் பிறகு.]

2

சங்கத்தின் பெயர் நோயாளர் வண்டிச் சங்கம். படுத்துவிட்டவர்களையும் பிரசவத்தில் கஷ்டப்படும் பெண்களையும் பத்து மைல் தூரம் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. மணவாளன் ஊரில் பழைய குடித்தனக்காரர், அவரே காரியதரிசி. வண்டி ஓட்டியவன் சேரியைச் சேர்ந்த துலுக்கானம். ஊர்க்காரர், சேரிக்காரர் என்று வண்டி பார்க்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் யார் தூக்கிப் படுக்க வைக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

எட்டு வருஷம் கழிந்ததும் மணவாளனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. செங்கற்பட்டில் மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். காரியதரிசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆகவே பெரிய மனிதர்களாகத் தேடினோம். பூவிருந்தவல்லி வக்கீல் நாகேந்திரன், தன் பெயரை வண்டிக் கூண்டில் எவ்வளவு பெரிய எழுத்தில் போடுவீர்கள் என்று கேட்டார். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், சனிக்கிழமைகளில் வண்டி சும்மாதானே நிற்கும், கோயிலுக்குப் போய்வரலாமா என்றார்.

[இந்த இடத்தை எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அடுத்தவரைக் கேலி செய்யும் இடங்களில் பேனா தானாக ஓடுகிறது. நம்பாதீர்கள்.]

கடைசியில் மணவாளன்தான் சொன்னார்: "இன்னாத்துக்கு ஊரெல்லாம் தேடறீங்க? சங்கத்த நடத்தறவன் வெளியில மாட்ட அவுத்துகினு கீறான்."

துலுக்கானத்தைக் கூப்பிட்டார்கள். வாசல் வரை வந்து நின்றான்.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும், ஐயா."

"எழுதறத வீரராகவன் எழுதுவாரு. எந்த ஊட்ல யாருக்கு இன்னா நோவு, எப்போ வண்டி கட்டணும்னு அவருக்குத் தெரியுமா? உனக்குத் தெரியும்."

எல்லோரும் கை தூக்கினோம். அன்று எங்களுக்கு எங்களையே ரொம்பப் பிடித்திருந்தது.

இறக்கிய கை மடிக்கு வருவதற்குள் வீரராகவன் விதிப் புத்தகத்தைத் திறந்தார். ஓய்வு பெற்ற ரெவினியூ இன்ஸ்பெக்டர். சங்கத்து நடவடிக்கைக் குறிப்புகளை எழுதுகிறவர் அவர்தான். ஆறாவது விதி: மாதக் கூட்டம் காரியதரிசியின் வீட்டில் நடைபெறும். முழங்கால் வலிக்காக மணவாளன் எழுதிக்கொண்ட விதி அது. ஒன்பதாவது விதி: மூன்று பேராவது வராவிட்டால் கூட்டம் செல்லாது; தொடர்ந்து மூன்று கூட்டம் செல்லாமல் போனால் சங்கம் கலையும், வண்டியும் மாடும் கொடுத்தவர் குடும்பத்துக்கே திரும்பும். மணவாளனின் மூத்த மகன் அப்போதே மாட்டுத் தரகனிடம் பேசிவைத்திருந்தான்.

"ஆறாவது விதியைத் திருத்திவிட்டால் போச்சு" என்று ஒருவர் சொன்னார்.

"திருத்தலாம்" என்றார் வீரராகவன். "அதற்குக் கூட்டம் போட வேண்டும். கூட்டத்தைக் காரியதரிசி வீட்டில் போட வேண்டும்."

3

மணவாளன் போனபின் துலுக்கானத்தையும் சேர்த்துச் சபையில் ஐந்து பேர். சித்திரைக் கூட்டத்துக்கு ஒருவரும் போகவில்லை. வைகாசிக்கும் போகவில்லை. ஒருவருக்குத் திதி, ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. தீட்டு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, எல்லோரும் படித்தவர்கள்.

வைகாசி ஞாயிறு துலுக்கானத்தின் வீட்டில் நடந்ததை எழுத வேண்டும். நான் அங்கே இல்லை, அதனால் ஊகித்துத்தான் எழுதுகிறேன். அவன் பெண்சாதி வேம்புலியம்மாள் வாசலில் பாய் விரித்திருக்கிறாள்.

"வரமாட்டாங்கய்யா. ஒன் வண்டியில ஏறுவாங்க, ஒன் ஊட்டுப் படி ஏறமாட்டாங்க."

[அடித்துவிடுங்கள். ரொம்பச் சீராக இருக்கிறது. இது வேம்புலியம்மாளின் பேச்சு இல்லை, நான் திருத்திய புரூப். அவள் இப்படித்தான் சொல்லியிருப்பாள்:]

"பாய் அங்கம்மா ஊட்டுது. பொழுது போறதுக்குள்ள குடுத்துடணும்."

"கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

"மூஞ்சிய ஏன்யா இப்டி வெச்சிகினு கீற? வராட்டி போறாங்க."

"அவங்க வராட்டி போவட்டும். கொரட்டூர்ல மட்டும் மூணு பேரு மாசமா கீறாங்க. ஆடியில வலி கண்டா வண்டிக்கு எங்க போவாங்க?"

துலுக்கானத்துக்கு அவமானம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கும். அதை எழுதிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. அவன் கணக்கு வைத்திருந்த மூன்று பெண்கள் மட்டும்தான் எழுத்தில் வந்தார்கள்.

4

ஆனி மாதம், கடைசிக் கூட்டம். ஞாயிறு, மாலை நாலு மணி.

ஐந்து அங்கத்தினர்களில் ஒருவனுக்குச் சம்பத் என்று பெயர் வைத்தேன். ரயில்வே குமாஸ்தா ஆக்கி, மீசையும் வைத்துவிட்டேன். நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: சம்பத் நான்தான். எனக்கு மீசை கிடையாது.

அன்று முதலில் போனவர் யார் தெரியுமா? வீரராகவன். ஒரு கையில் குடை, மறு கையில் நடவடிக்கைப் புத்தகம். அவருக்குச் சமத்துவத்தில் எல்லாம் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. முதல் இரண்டு கூட்டத்துக்கு அவரும் போகவில்லைதான்; மூன்றாவதும் தவறினால் சங்கம் கலையும், விதி என்றால் விதி. பின்னாளில் இதை என்னிடம் அவரே சொன்னார், நில அளவு வாசிக்கிற குரலில். எட்டு வருஷமாக 'டா' போட்டுக் கூப்பிட்டவனை இனி எப்படிக் கூப்பிடுவதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாராம்.

"வணக்கம், காரியதரிசி. மணி நாலு."

"உக்காருங்க ஐயா."

பாயில் உட்கார்ந்தார். வேம்புலியம்மாள் கதவோரமாகவே நின்றிருக்கிறாள்.

"தண்ணி குடுக்கலாமாங்க?"

"வெயில் ஜாஸ்தி. கொடும்மா" என்றார். குடித்தார். புத்தகத்தில் எழுதினார்: ஆஜர், இருவர். ஒன்பதாவது விதிப்படி ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்.

ஏரிக்கரை மேல் சம்பத் நிற்கிறான். அங்கிருந்து அந்த வாசல் நன்றாகத் தெரியும். பாய் தெரிகிறது, இரண்டு பேர் தெரிகிறார்கள். மற்ற இரண்டு அங்கத்தினர்கள் வரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் இறங்கினால் மூன்று பேர். அந்த மாதம் அவன் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளை வீட்டார் ஆசாரக்காரர்கள். அது நிஜமான காரணம்தான். ஆனால் அவன் அதற்காகத்தான் நின்றான் என்று சொன்னால், பயத்துக்கு நான் நல்ல சட்டை மாட்டிவிடுகிறேன் என்று அர்த்தம்.

மணி நாலே முக்கால்.

5

முடிவுகள்.

முதலாவது: சம்பத் இறங்கிப் போகிறான். வீரராகவன் நிமிராமலே 'மூவர்' என்று எழுதுகிறார். வேம்புலியம்மாள் இன்னொரு சொம்பு கொண்டுவருகிறாள். இதைப் பதினேழு தரம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அழகாக வருகிறது.

இரண்டாவதை நான் எழுத வேண்டியதில்லை, நடந்ததே அதுதான்: அவன் இறங்கவில்லை. ஆடி பிறந்ததும் வண்டியையும் மாட்டையும் திருமழிசைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கொரட்டூர்ப் பெண்களில் இரண்டு பேருக்கு வீட்டிலேயே சுகமாகப் பிறந்தது. மூன்றாமவள் வடிவு. அவளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார்கள். தூக்கினவர்களில் துலுக்கானமும் ஒருவன். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் வயசு எனக்குத் தெரியும், கேட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பது. அது என்னால் நடந்தது.

அதற்கடுத்த வாரம் ஸ்டேஷன் வாசலில் துலுக்கானம் என்னைப் பார்த்துவிட்டான். ஒதுங்கப் பார்த்தேன், அவனே கிட்டே வந்தான்.

"இன்னா சாமி, ஒடம்பு இப்போ எப்டி கீது?"

"ஏன், நல்லாத்தானே இருக்கிறேன்."

"அன்னிக்குக் கூட்டத்தப்போ கரை மேல நின்னுகினு இருந்தீங்களே, பாத்தேன். முடியலபோலன்னு நெனச்சிகினேன். வெய்யில்ல நிக்காதீங்க. மூணு வருசம் முன்ன உங்கள வண்டியில போட்டுகினு போனேனே, அந்த ஜொரம் லேசானது இல்ல. திரும்பி வந்துச்சின்னா இப்போ வண்டியும் இல்ல."

கேலியாகச் சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அந்த ஜுரத்தில் வழியெல்லாம் அவன்தான் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தான். அவன் வீட்டுச் சொம்பு.

கதையில் மணி இன்னும் ஐந்தாகவில்லை. சம்பத்தை நான் இறக்கிவிட்டால் அது புரூப் திருத்துகிற வேலை, நடந்ததைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. திருப்பி அனுப்பவும் கை வரவில்லை. அதனால் அவனைக் கரை மேலேயே விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். இனி நீங்கள் அங்கே நில்லுங்கள். அங்கிருந்து அந்தப் பாய்க்கு இருநூற்றுப் பத்து அடி, நான் அளந்து பார்த்துவிட்டேன். வீரராகவன் குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்திருக்கிறார், காரியதரிசி உங்களைப் பார்த்துவிட்டான்.