கட்டைவிரல் படம்

"வாயைத் தொறங்கப்பா. மூணு நாளா வெறும் கஞ்சிதான் குடிக்கிறீங்க" என்று தர்மாம்பாள் கெஞ்சினாள்.

சிங்காரவேலு திறக்கவில்லை. எதிரே எக்ஸ்ரே பிலிமுடன் நின்ற வேம்புவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவம் படித்துத் தேறிய விரல்கள்தான். ஆனால் அவர் வயலில் கூலி வேலை செய்யும் கீழத்தெருக் கண்ணுசாமியின் மகளுடைய விரல்கள்.

"குடு, நானே வெச்சுக்கறேன்."

நீடாமங்கலத்தில் அவர் வீட்டு முன்கட்டுதான் 'சமத்துவப் பல் மருத்துவமனை'. நடத்துபவர் வீட்டோடு மாப்பிள்ளை டாக்டர் பஞ்சநதம். சாதி ஒழிப்பைப் பற்றிக் கட்சி மேடையில் தண்ணீர் குடிக்காமல் பேசுவார். வேம்புவுக்கு வேலை கொடுத்த கதையும் அதில் தவறாமல் வரும். எக்ஸ்ரே மெஷினை வாங்கியவரும் அவர்தான். ஆனால் அது ஓடும்போது வாசலுக்குப் போய்விடுவார். கதிர் பட்டால் ஆண்பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இன்னும் குழந்தை வேறு இல்லை. ஆகவே பிலிம் வைப்பது வேம்புவின் வேலை. மாமனார் வாயில் மட்டும் மாமனாரின் வேலை.

சிங்காரவேலு பிலிமை உள்ளே திணித்து, பல்லுக்கும் பிலிமுக்கும் நடுவே கட்டைவிரலை விட்டு அமுக்கிக்கொண்டார். கழுவிப் பார்த்தால் படத்தின் நடுவே விரல் எலும்பு கம்பீரமாக நின்றது. பல்லின் வேர் அதன் பின்னால் ஒளிந்திருந்தது.

"வேர் தெரியலையே டாக்டர். ஒவ்வொரு பல்லா தட்டிப் பாத்துட்டு, வேற கோணத்துல இன்னொரு படம் எடுத்தா..."

"மாமா ஒத்துக்க மாட்டாங்கம்மா. கடைசிக்கு முந்தின பல்லுதான். பாத்தாலே தெரியுதே."

பிடுங்கினார். வலி போகவில்லை. அடுத்த வாரம் மறுபடி கட்டைவிரல், மறுபடி எலும்பு. அதற்கு முந்தின பல்லும் போயிற்று. அதை வேம்பு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொத்தையின் சுவடுகூட இல்லை. தான் அடம் பிடித்திருக்க வேண்டுமோ? பிடித்திருந்தால் வேலை இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை தஞ்சாவூரில் பல் டாக்டர்களுக்கு வகுப்பு. பஞ்சநதத்தோடு வேம்புவும் போயிருந்தாள். பல் வேரின் நோயைப் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம். 'விடாத வலி' என்று பஞ்சநதம் அந்தப் படங்களைப் பெருமையோடு நீட்டினார். பேராசிரியர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்.

"பல்லு இருக்கட்டும். நடுவுல நிக்கிற எலும்பு யாரோடது?"

"நோயாளியோட கட்டைவிரல் சார்" என்றாள் வேம்பு.

"பிலிமை நீங்கதானே வெக்கணும்? அவர் ஏன் வெச்சார்?"

"என் விரல் அவர் வாய்க்குள்ள போகக் கூடாதாம் சார்."

பஞ்சநதம் எழுந்துவிட்டார். "வயசானவங்க சார். கொஞ்சம் கூச்ச சுபாவம்."

பேராசிரியர் நிம்மதியாகக் கரும்பலகையில் எழுதினார்: நோயாளி ஒத்துழைக்கவில்லை. வந்திருந்த டாக்டர்கள் அத்தனை பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சிங்காரவேலுவின் கன்னம் பூரியாக உப்பியிருந்தது. பஞ்சநதம் இன்னும் ஒரு பல் முன்னேறத் தயாராகப் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். சிங்காரவேலு பிலிமுக்குக் கையை நீட்டினார். வேம்பு கொடுக்கவில்லை.

"ஐயா, நில உச்சவரம்புச் சட்டத்துல போயிடும்னு பத்து மா நஞ்சையை எங்கப்பா பேர்ல எழுதி வெச்சிருக்கீங்க. அதே நஞ்சையில அவரு இன்னும் கூலிக்குத்தான் நாத்துப் பறிக்கிறாரு. அவரு பேரு உங்க பத்திரத்துல இருக்கலாம், அவரு மக விரலு உங்க வாயில இருக்கக் கூடாதுங்களா?"

"வேம்பு!" என்று அதட்டினார் பஞ்சநதம்.

"வேணாம்னா மூணாவது பல்லையும் எடுங்க டாக்டர். பல்லு அவங்களோடது. நான் நாளையிலேர்ந்து வரலை."

சிங்காரவேலு மகளைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"தர்மு, கதவைச் சாத்தும்மா."

கதவு சாத்தியபின் வாய் திறந்தது.

இந்தத் தடவை படத்தில் எலும்பு இல்லை. கடைசிப் பல்லின் வேர் நுனியில் மிளகளவு கறுப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. போன இரண்டும் ஒரு பாவமும் அறியாதவை.

"இதைப் பிடுங்கவே வேணாங்க. வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சாப் போதும்" என்றாள் வேம்பு.

பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். கழுவிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

"என்ன பொண்ணு, அப்படித் தேய்க்கிறே?"

"உங்க வாயில வெச்ச கை இல்லீங்களா ஐயா" என்றாள்.