வலது கைக்கு மட்டும் கால் அங்குலம்

அந்தத் தையல்காரருக்குப் பொய் சொல்ல வராது. "நாளைக்குக் கட்டாயம் தந்துடறேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வது பொய்யில் சேராது, அது தொழில். மற்றபடி உள்ளதை உள்ளபடி உளறிவிடும் வாய். அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று மாதமாகக் கட்டின மனைவியை ஏமாற்றிக்கொண்டிருந்தார். வாயால் அல்ல, ஊசியால்.

மனைவி ஒரு பேக்கரியில் கேக்கின்மேல் க்ரீமால் பெயர் எழுதுகிறவள். மார்பகப் புற்றுநோய்க்கு வலது பக்கம் அறுவை சிகிச்சை, அப்புறம் மருந்து, கதிர்வீச்சு என்று எல்லாம் ஓய்ந்து, மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்ததால் அந்தப் பக்கக் கை வீங்கலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "என்ன வேணா வரட்டும், இந்தக் கை மட்டும் வீங்கக் கூடாது. வீங்கிச்சுன்னா என் பொழப்பு போச்சு."

அது அவர் மனதில் அப்படியே தைத்துவிட்டது. அதனால் ஒரு நாள் அவள் வலது மேல்கையில் சட்டைத் தையல் பதிந்த தடத்தைப் பார்த்ததும் அதை அவளிடம் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. அவள் கவனிக்கவில்லை. ஊர் உடம்பையெல்லாம் அளந்த கண்ணுக்கு அது தப்புமா? மதியம் அவள் அயர்ந்து தூங்கும்போது தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியில் கால் அங்குலம் விட்டு மறுபடி தைத்தார். அலமாரியிலிருந்த அத்தனை சட்டைக்கும், வலது கைக்கு மட்டும். அடுத்த மாதம் இன்னொரு கால் அங்குலம். அதற்குமேல் விட உள்ளே துணி இல்லை. அக்குளில் முக்கோணமாக ஒரு துண்டு வைத்து, "காத்தோட்டமா இருக்கும்" என்றார். காற்று ஏன் வலது பக்கம் மட்டும் வர வேண்டும் என்று, நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

அவளுக்கு வேறு கவலை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. ஒரு கல்யாண கேக்கில் மாப்பிள்ளை பெயர் புழுவாக நெளிந்தது. "நரம்புதாங்க. வீக்கமா இருந்தா சட்டை பிடிக்காதா? பாருங்க, எவ்ளோ லூசா இருக்கு" என்று கையை ஆட்டிக் காட்டுவாள். கை கனக்கிறது என்றாலும் அதற்கும் நரம்புதான் காரணம். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, திரும்பி நின்று நூல் கோப்பார்.

மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்த பிறகு, "முதல்ல ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்க" என்று பேக்கரி முதலாளி அனுப்பிவிட்டார். இருவரும் பிசியோதெரபி அறைக்குப் போனார்கள்.

அங்கிருந்த பெண் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, விரல்களைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தாள்.

"இடது கையும் மரத்துப்போகுதா?"

"ஆமா."

"கால் விரல்?"

"அதுவும்தான்."

"காலை யாரும் ஆபரேஷன் பண்ணலையே! அப்போ இது மருந்தோட வேலை. ரெண்டு பக்கமும் நுனியில ஆரம்பிக்குற நரம்புப் பிரச்சினை."

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றிவிழாவே இருந்தது. அவருக்கும் உயிர் வந்தது.

"கை கனமா, இறுக்கமா இருக்கா?"

"கனம் உண்டு. இறுக்கம் இல்லவே இல்ல."

அந்தப் பெண் முன்கையில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. அவள் அளவு நாடாவை எடுத்ததும் தையல்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நாடாவைக் கண்டு பயந்தார். இரண்டு கையையும் ஒரே இடங்களில் அளந்தாள். வலது மேல்கை மூன்று சென்டிமீட்டர் அதிகம்.

"நரம்பால மரத்துப்போகும், எரியும். கை வீங்காது. இது நிணநீர் தேங்கி வர்ற வீக்கம். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. ஆனா சட்டை எப்படிப் பிடிக்கல?"

சட்டைக் கையின் ஓரத்தைப் புரட்டினாள். பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இளித்தன. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தை அவர் அளவுக்கு உன்னிப்பாக அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"முதல் தையலைப் பிரிச்ச அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா ரொம்ப சுலபமா இருந்திருக்கும் சார். இப்பவும் கெட்டுப்போகல. அளவெடுத்துக் கைக்கு இறுக்கமான உறை போடணும், பயிற்சி பண்ணணும். வேலைக்கும் போகலாம். ஆனா அந்த உறையில நீங்க கை வைக்கக் கூடாது!"

வெளியே நடைபாதை பெஞ்சில் மனைவி உட்கார்ந்தாள். அவர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

"என்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இல்லையா? தனியா உட்கார்ந்து பயப்படறதுக்கா நான் உங்களைக் கட்டிக்கிட்டேன்?"

அவ்வளவுதான். மனிதர் உடைந்துபோய் ஓவென்று அழுதுவிட்டார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று ஒரு நர்ஸ் ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றாள் மனைவி. பிறகு அவரை முழங்கையால் இடித்தாள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நானும் அழணும்."