மூச்சு விடாதீங்க

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள், ஈரோட்டில் ஓர் அலுவலகத்தின் முதல் மாடியில், என் கணவர் தெய்வசிகாமணி முப்பத்தொரு முறை மூச்சை நிறுத்தினார்.

நான் பக்கத்தில் இருந்தேன். அவர் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அலுவலகத்தில் தூங்குபவரைத்தான் விண்ணப்பதாரராக ஏற்றுக்கொள்வார்கள். விழித்திருப்பவர் உடன் வந்தவர். அவர் நிற்க வேண்டும்.

மூச்சுப் பிரிவு உதவியாளரின் பெயர் இராமாத்தாள். ஐம்பது வயது இருக்கும். என் கணவரின் குறட்டையை அவர் கண்டுகொள்ளவில்லை. குறட்டை நிற்கும்போது மட்டும் பேனாவை எடுத்தார்.

"குறட்டை விட்டா நல்லாத் தூங்கறாருன்னுதானுங்க அர்த்தம்?" என்றேன்.

"நின்னா?"

"இன்னும் நல்லாத் தூங்கறாருன்னு."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானும் திரும்பிப் படுத்துக்குவேனுங்க."

அதை எழுதிக்கொண்டார்.

மூச்சு நின்ற இருபதாவது விநாடியில் சுவரில் ஒரு மணி அடிக்கும். என் கணவரின் உடம்பு தூக்கிப்போடும். மூச்சு திரும்பும். உடனே பக்கத்து ஜன்னல் திறக்கும். அது ரேஷன் கடை ஜன்னல் போலவே இருந்தது. உள்ளே இருக்கும் ஆள் ஒரு படி சர்க்கரையை அள்ளி என் கணவரின் நெஞ்சில் கொட்டுவார். சர்க்கரை தோலுக்குள் இறங்கி மறையும். ஜன்னல் மூடிக்கொள்ளும்.

முப்பத்திரண்டாவது முறை நான் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, அவருக்குச் சுகருங்க."

"அந்தத் தகவல் எனக்கு வராதுங்கம்மா. மணிச் சத்தம் மட்டுந்தான் வரும்."

"மணி எதுக்கு அடிக்குது?"

"ஆபத்துன்னுதான். புலி தொரத்துதுன்னு வெச்சுக்குங்க. ஓடறதுக்குத் தெம்பு வேணுமில்ல? அதுக்குச் சக்கரை."

"புலி எங்கீங்க இருக்குது? மனுசன் படுத்துத்தான கெடக்கறாரு."

"நானும் பாத்ததில்லீங். ஆறு வருசமாக் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கறேன்."

நான் கதவை விட்டேன்.

அந்த ஆறு வருடமும் அவருக்கு இரவில் இரண்டு கோதுமை தோசைதான் கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் அளந்தால் இருநூற்றுப் பத்து. திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று முடிவு செய்தேன். சட்டைப் பைகளைத் துழாவினேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் தேடினேன். அவர் குளிக்கப் போகுமுன் விரல்களை முகர்ந்து பார்த்தேன். ஒரு தீபாவளியன்று எங்கள் மகள் இந்துஜாவின் முன்னால் வைத்து, "தின்னீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

"இவரை மூச்சை நிறுத்தச் சொன்னது யாருங்க?" என்று இராமாத்தாளிடம் கேட்டேன்.

அவர் கோப்பைப் புரட்டினார். "2013 பிப்ரவரி 3. ஞாயித்துக்கெழம. காலையில பத்தேமுக்கால். எடம், சமையக்கட்டு. வாய்மொழி உத்தரவு. 'சுகர் இருக்குதுன்னு மூச்சு விடாதீங்க.' உத்தரவு போட்டது, மனைவி சுலோச்சனா."

சுலோச்சனா நான்தான். அன்று இந்துஜாவைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்தேன். கேசரியைக் கிளறிக்கொண்டே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"அது பேச்சுக்குச் சொல்றதுங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அர்த்தம்."

"அர்த்தம் பக்கத்து செக்சனுங்க. எங்களுக்கு வார்த்தைதான். பகல்ல அவரால கடைப்பிடிக்க முடியல, தூங்கறப்பக் கடைப்பிடிக்கறாரு. சொல்பேச்சு கேக்கற மனுசன். உங்களுக்குக் கொடுப்பினை."

"ரத்து பண்ணிருங்க."

"யாருகிட்ட மறைச்சீங்களோ அவுங்ககிட்ட நீங்களே வாயால சொல்லணும். அப்புறம் அவுங்க கையெழுத்து. உங்க சம்மந்தியம்மா காலையில இருந்து வராண்டாக் கடைசியிலதான் உக்காந்திருக்காங்க. வெரசாப் போங்க. மணி நாலோட மணியடிக்கறத நிறுத்திருவோம்."

"நிறுத்துனா?"

"அதுக்கப்புறம் மூச்சு நின்னா எழுப்ப ஆளில்லீங்."

அப்போது மூன்று பத்து.

வராண்டா நீளமானது. என் கணவர் மூச்சை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அது நான்கு தூண் அளவு நீண்டது. பின்னால் மணி அடிக்கும். முன்னால் தூண்கள் முளைக்கும். எல்லாத் தூணிலும் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

சம்பந்தி ஜெயமணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்மந்தி. எதுக்கு இப்படி ஓடியாறீங்க? காப்பி குடிச்சீங்களா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க."

"சொல்லுங்க."

எனக்கு வாய் வரவில்லை. மணி அடித்தது. பெஞ்சும் சம்பந்தியும் நான்கு தூண் தள்ளிப் போனார்கள். மறுபடி ஓடினேன். மறுபடி வாய் வரவில்லை. இப்படி ஐந்து முறை ஆயிற்று. ஆறாவது முறை ஓடிக்கொண்டே கத்தினேன்.

"இந்துஜா அப்பாவுக்குச் சுகருங்க! கல்யாணத்துக்கு முந்தியே இருந்துச்சு! நாந்தான் மறைச்சேன்!"

வராண்டா நின்றது.

"தெரியுமுங்க," என்றார் சம்பந்தி.

"எப்பருந்து?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே. கேசரித் தட்டக் கையில புடிச்சுக்கிட்டு, ஒரு வாய் திங்காம, சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. சுகர்காரங்கதான் அப்படி உக்காருவாங்க. எதுத்தாப்புல எங்கூட்டுக்காரரும் அப்படித்தான உக்காந்திருந்தாரு. நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை.

"அப்புறம் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேட்டா நீங்களும் கேப்பீங்களே. மூச்சு விடாதீங்கன்னு கார்லயே சொல்லித்தான் நானும் கூட்டியாந்தேன். அவரு கீழ படுத்திருக்கறாரு. எனக்கு உங்க கையெழுத்து வேணும்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமுங்க."

"நீங்களா வருவீங்கன்னு பாத்தேன்."

ஒரே பேனாவில் இரண்டு பேரும் கையெழுத்திட்டோம். சம்பந்தி தன் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அவசரப்படவில்லை. முழங்கால் வலி.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு இராமாத்தாள் முத்திரை குத்தினார். என் கணவர் மூச்சு விட்டார். அது வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் திறக்கவில்லை.

"ரத்து இன்னிக்குத் தேதியிலருந்துதானுங்க," என்றார் இராமாத்தாள். "முன்தேதி போட முடியாது."

"இதுவரைக்கும் கொட்டுனது?"

"கொட்டுனது கொட்டுனதுதான்."

என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். ரத்து உத்தரவின் நகலை அவரிடம் கொடுத்தேன். முகத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு வலப்பக்கமாக நகர்த்தினார்.

"ஏனுங்க?"

"எடது கண்ணு தெரியாது."

"எப்பருந்து?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

வலது கண்ணால் படித்தார். கையெழுத்துப் போட்டார்.