நெடுவிளாகம் குளத்தின் நிறம்

சிவபிரசாத் சாரின் மேஜைமேல் ஒரு வாளிச் சேற்றைக் கவிழ்த்தது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவிழ்க்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். சேறு, தாமரைத் தண்டு, நாலைந்து நத்தை, ஒரு செத்த கெளுத்தி மீன் எல்லாம் அவருடைய லேப்டாப்பை நோக்கி மெல்ல நகர்ந்தன. அவர் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"அஜிதா, இது ஆபீசு!"

"இது குளம் சார். நீங்க வெற்று நிலம்னு மேப்புல போட்டிருக்கிற குளம். நல்லா மோந்து பாருங்க."

எனக்குப் பின்னால் பகவதியம்மாள் காலி வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். நெடுவிளாகம் குளத்தில் தாமரை பறிக்கிறவள் அவள். வாளி அவளுடையது, சேறு குளத்துடையது, கோபம் என்னுடையது. கல்லூரியில் எனக்குப் பட்டப்பெயரே காந்தாரி மிளகு, விரல்நுனி அளவே இருந்தாலும் நாக்கைப் பொசுக்குகிற மிளகாய்.

விஷயம் இதுதான். தமிழ்நாடு முழுவதும் எங்கே காடு, எங்கே வயல், எங்கே குளம், எங்கே ரப்பர்த் தோட்டம், எங்கே கட்டடம் என்று நிறம் நிறமாகப் பிரித்து ஒரே மேப் போடுகிறார்கள். எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று இனி அந்த மேப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மெஷின் ஒரு நிறம் போடும். அது சரிதானா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தார்கள். நான் அதில் ஒருத்தி. எனக்குத் தொண்ணூற்றாறு இடம்.

மெஷின் என்ன போட்டிருக்கிறது என்பதை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். காட்டினால் சோம்பேறித்தனமாக அதையே திருப்பிச் சொல்லிவிடுவோமாம். ஃபோனில், 'இந்த இடத்தில் இப்போது கண்ணில் படுவது என்ன?' என்று ஒரு கேள்வி வரும். கீழே பதினாலு பெயர் இருக்கும், ஒன்றைத் தொட வேண்டும். பிறகு நாலு திசையிலும் படம் எடுக்க வேண்டும். படத்தில் ஆளோ, வண்டியோ, சாமானோ விழக் கூடாது.

இதையெல்லாம் மார்ச் மாதம் செய்யச் சொன்னார்கள். எந்த அறிவாளியின் யோசனையோ! பேச்சிப்பாறை அணையைப் பிப்ரவரி கடைசியில் அடைத்தால் ஜூனில்தான் திறப்பார்கள். கால்வாய் வற்றிவிடும். அறுத்த வயல் வெடித்துக் கிடக்கும். குளங்கள் தரை தட்டிவிடும். அதற்காக இங்கே யாரும் அதைக் குளம் இல்லை என்று சொல்வதில்லை. காய்ந்த தரையில் மட்டை பிடித்து ஆடப்போகிற பிள்ளைகள்கூட, "கொளத்துல கிரிக்கெட்டு" என்றுதான் சொல்லும். இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை. அதனால்தான் யாரும் விளக்கவில்லை. பயிற்சி வகுப்பில் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். முப்பது பேரும் இந்த மாவட்டம். பாடம் எடுத்த சிவபிரசாத் சாருக்கு வீடு திருவட்டாறு. "மார்ச்சுல கொளம் காஞ்சு கெடக்குமே சார், என்ன போடணும்?" என்று ஒரு வாய் கேட்டதா? கேட்கவில்லை. என் வாயும்தான் மூடிக்கொண்டு இருந்தது. தேவையில்லாத இடத்தில் எல்லாம் திறக்கிற வாய்.

மார்ச் பதினேழாம் தேதி மூன்று மணி வெயிலில் நெடுவிளாகம் குளத்துக்கு நடுவில் நின்றேன். முப்பத்தோரு ஏக்கர் வெறும் தரை. கொஞ்சம் தள்ளிப் பகவதியம்மாளின் கணவர் பொன்னுலிங்கம் அண்ணன், தாமரை பறிக்கப் போகிற தோணியை, தன் சின்ன வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். பகவதியம்மாள் எலுமிச்சை பிழிந்து எனக்கு நாரங்கா வெள்ளம் கலக்கித் தந்தாள்.

"நீ எந்த ஊரு மக்களே?"

"பக்கத்துலதான். சுங்கான்கடை."

"அப்பம் நம்ம ஊருதான். ஒனக்கு ஒண்ணும் சொல்லித் தரண்டாம்."

ஃபோனை எடுத்தேன். 'இப்போது கண்ணில் படுவது என்ன?' நீர்நிலை என்று ஒரு பெயர் இருந்தது. தண்ணீர்தான் இல்லையே. விதி என்றால் விதி. பதினாலாவதாக இருந்த 'வெற்று நிலம்' மேல் கட்டைவிரலை வைத்தேன். அதே கட்டைவிரலால் அடுத்த இடத்துக்கு வழி தேடினேன்.

அக்டோபரில் முதல் மேப் வந்தது. நெடுவிளாகம் குளம் பழுப்பு நிறத்தில் கிடந்தது. மழை பெய்து, கரை தளும்பி, தாமரை இலை இலையாக மூடி, நாமக்கோழியும் கூழைக்கடாவும் வந்து இறங்கியிருந்த நேரம் அது. மேப்பில் மட்டும் பழுப்பு. பழுப்பு என்றால் வெற்று நிலம், பாதுகாக்கும் பட்டியலில் வராது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு லாரிக் கம்பெனி மனுக் கொடுத்தது. 'பழைய சர்வேயில் குளம் என்றிருந்தாலும் இப்போது அது வெற்று நிலம் என்று அரசு மேப்பே காட்டுகிறது. லாரி நிறுத்தும் இடமாக எங்களுக்குத் தரலாம்.' எழுதினவனின் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது. மேப்பில் ஆட்சேபம் சொல்ல நவம்பர் இருபத்தெட்டு மாலை ஐந்து மணி வரை நேரம். அதற்குள் நிறம் மாறாவிட்டால் அந்த மேப்தான் முடிவு. குளத்தில் மண் விழும்.

அந்த இருபத்தெட்டாம் தேதிதான் பகவதியம்மாள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நாங்கள் தக்கலை பஸ் ஏறினோம். வாளியையும் அவள்தான் கொண்டுவந்தாள். "நேர்ல காட்டுனா நம்புவானுவ" என்றாள்.

ஜவுளிக்கடை மாடியில் இருந்த அந்த மேப் ஆபீசில் நேர்ல காட்டினேன். சிவபிரசாத் சார் செய்தித்தாளைப் போட்டுச் சேற்றை ஒதுக்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இது நவம்பர் சேறு, அஜிதா. மேப்பு கேக்கது மார்ச்சுல என்ன இருந்துதுன்னு."

"மார்ச்சுலயும் குளம்தான் இருந்துது!"

"அப்பம் நீ ஏன் வெற்று நிலம்னு போட்ட?"

அடக்கினேன். முடியவில்லை. "கண்ணுல படுறத மட்டும் போடுன்னு சொன்னது யாரு? நீங்க. மார்ச்சுல அனுப்புனது யாரு? சென்னைக்காரன். வெயில் காலத்துப் படத்த மட்டும் வச்சு மேப்புப் போட்டது யாரு? அவன் மெஷின். எல்லாருமா சேந்து ஒரு குளத்தக் கொன்னுட்டு எனக்கிட்ட கேக்குதியளா?"

"கத்தாத. வழி உண்டும். நேர்ல பாத்த ஆளு, நான் போட்டது தப்புன்னு எழுதித் தந்தா அந்தப் பதிவ எடுத்துரலாம். வேற வழி எனக்கில்ல."

"எழுதினா?"

"ஒன் தொண்ணூத்தாறு பதிவும் நம்ப முடியாததுன்னு ஆயிரும். ஒப்பந்தம் முடிஞ்சுது. அனுபவச் சான்றிதழும் கெடையாது. இனி இந்த மாதிரி வேலைக்கு ஒன்ன எடுக்க மாட்டாவ."

நான் எழுத மாட்டேன் என்றேன். ஏன் எழுத வேண்டும்? விதி போட்டவன் எழுதட்டும். மெஷின் வைத்திருக்கிறவன் எழுதட்டும். அந்த வேலைக்காக நான் வெயிலில் கறுத்து, அட்டைக்கடி வாங்கி, ரப்பர்த் தோட்டத்து நாய்களிடம் ஓடி, தொண்ணூற்றாறு இடத்துக்கும் கால் தேய நடந்திருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைத்தான் சொன்னேன். சென்னைக்கு ஃபோன் போட்டேன். ஒருத்தி எடுத்து, "உங்க புகார் பதிவு பண்ணியாச்சு மேடம்" என்றாள். மறுபடி போட்டேன். இன்னொருத்தன் எடுத்து, "பதிவு பண்ணினவங்ககிட்டே கேளுங்க" என்றான். "பதிவு பண்ணினதே நான்தாம்லே!" என்று கத்தினேன். கீழே ஜவுளிக்கடையில் இருந்து ஒரு ஆள் ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மணி நாலேகால். சுவரோரம் நாற்காலியில் பகவதியம்மாள் மடியில் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரமாக அவள் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று அவளுக்கு முழுக்கப் புரிந்ததா தெரியாது. ஐந்து மணி என்பது மட்டும் புரிந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மக்களே, அண்ணைக்கு நீ படம் புடிச்சேல்லா? அதக் காட்டு அவருக்கு. வள்ளம் கெடக்கும்லா அதுல. வெள்ளம் இல்லாத எடத்துல எவனாவது வள்ளம் வச்சிருப்பானா?"

அடடா, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை! "சார், என் படத்தத் தெறங்க. நெடுவிளாகம். நாலும்."

திறந்தார். வடக்கே கரை. கிழக்கே தென்னை. தெற்கே வெடித்த தரை. மேற்கே வெடித்த தரை. வள்ளம் இல்லை.

"இல்லியே" என்றார் சார்.

"அது எப்படி இல்லாம இருக்கும்? எனக்க மாப்பிள அதுலதான தார் பூசிக்கிட்டு நிண்ணாரு" என்று பகவதியம்மாள் எழுந்து வந்து திரைக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள், குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை: "ஓ, நீ மாத்தி வைக்கச் சொன்னேல்லா. படத்துல விழுதுன்னு. அவரும் நானுமா இழுத்து அந்தாக்குல கொண்டு போட்டமே."

சொல்லியிருந்தேன். 'அண்ணா, அதக் கொஞ்சம் தள்ளி வைங்க, படம் கெட்டுப்போவும்' என்று நான்தான் சொல்லியிருந்தேன். படத்தில் சாமான் விழக் கூடாது என்று விதி. மேற்குப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். தரையில் நீளமாக ஒரு தடம் இருந்தது. இழுத்துக்கொண்டு போன தடம், படத்தின் ஓரத்தில் போய் முடிந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் எங்கேயும் போய்விடவில்லை, அப்படியே திரும்பி என் மேல் விழுந்தது. கண்ணில் பட்டதைச் சொன்னேனாம்! கண்ணில் பட்டதை ஆள் வைத்து இழுத்து ஓரம் கட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் யாரை வைத்து? குளத்துக்காரரையே வைத்து. நாரங்கா வெள்ளம் குடித்த வாயோடு.

"ஒரு பேப்பர் தாங்க" என்றேன்.

'நெடுவிளாகத்தில் நான் பார்த்தது குளம். அது குளம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வெற்று நிலம் என்று பதிந்தேன். என் பதிவு தவறு.' கையெழுத்துப் போட்டேன். சார் வாங்கிப் படித்தார். "இப்படி எழுதண்டாம், கவனக்குறைவுன்னு போடு" என்றார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "கவனமாத்தான் செஞ்சேன் சார். அப்படியே அனுப்புங்க" என்றேன்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு என் பெயரைத் தட்டி என் பதிவு எல்லாவற்றையும் நீக்கினார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி நின்றது. பழுப்பு போய், நெடுவிளாகம் குளம் நீலமாக இருந்தது. நல்ல நீலம். கரையின் வளைவுகூட அப்படியே இருந்தது. அதே மார்ச்சில் வெற்று நிலம் என்று நான் பதிந்திருந்த இன்னும் ஐந்து குளங்களும் அடுத்தடுத்து நீலமாயின.

"சென்னையில அதுக்குள்ள மாத்திட்டானா?" என்று கேட்டேன். வென்றுவிட்டதாக ஒரு நினைப்பு.

சார் எதையோ திறந்து, படித்து, இன்னொரு முறை படித்தார்.

"யாரும் மாத்தல. ஒன் பதிவ எடுத்ததும் மெஷின் மொதல்ல போட்டது திரும்பி வந்திருக்கு."

"மொதல்ல போட்டதுன்னா?"

"நீ போறதுக்கு முன்ன. பிப்ரவரியில. மூணு வருசத்துப் படம் எல்லாத்தையும் அடுக்கி, மேகம் விட்ட சந்துல எல்லாம் பாத்திருக்கு. நீர்நிலைன்னுதான் போட்டிருக்கு. நீ நேர்ல போயிட்டு வந்து இல்லன்னு சொன்னதாலதான் அது மாத்திக்கிட்டுது."

யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறை. சென்னைக்காரன் இல்லை, வெயில் காலத்துப் படம் இல்லை, மெஷின் இல்லை. எல்லாரும் குளம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி பஸ் ஏறி வந்து நின்று இல்லை என்று சொல்லியிருக்கிறாள். சார் ஒரு துணியை எடுத்து மேஜையில் மிச்சமிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் ஒரு பக்கம் துடைத்தேன்.

படியிறங்கும்போது பகவதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"கொளம் செரியாச்சுல்லா மக்களே?"

"ஆச்சு."

"மெஷினாக்கும் அதக் கொளம்னு சொல்லிச்சு?"

"ஆமா."

அவள் இரண்டு படி இறங்கினாள். அப்புறம் நின்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"அதுக்கு ஊரு எதுவாக்கும்?"